ஒன்றரைச் செம்பு தண்ணீர்

வெயில் வாசப்படியைத் தாண்டி மொசைக் தரையில் மூன்று கட்டம் உள்ளே வந்துவிட்டது. முப்பிடாதி இன்னும் வரவில்லை. மேற்குப் பார்த்த வீடு. உச்சி சாயும்வரை வெயில் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காது, சாய்ந்த பிறகு கட்டம் கட்டமாக ஊர்ந்து வரும். கடிகாரம் நின்றுபோன இந்த மூன்று வருஷத்தில் ராஜபுஷ்பத்துக்கு அதுதான் மணி. விடியக்கருக்கலில் குடத்தையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கல்வெட்டாங்குழிக்குப் போகிறவள், எத்தனை மெதுவாக நடந்தாலும், வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாலும், வாசலில் வெயில் விழுவதற்கு முன்னால் இடுப்புக் குடத்தோடு வந்து நிற்பாள். “அக்கா, செத்த பிடிங்க” என்பாள். கால் உடைந்து பதினோரு நாளாகத் தரையோடு தரையாகக் கிடக்கிற ராஜபுஷ்பத்தால் பிடிக்க முடியாது என்று தெரிந்தும் சொல்வாள், வாய்ப்பழக்கம். இன்றைக்கு மூன்று கட்டம். இல்லை, மூன்றரை. காலையில் போகும்போது என்ன சொன்னாள்? அதுதான் சரியாகக் காதில் விழவில்லை. கண் அசந்த நேரம். ‘போயிட்டு வாரேன்’ என்றாளா, ‘போறேன்’ என்றாளா? ‘போ’ மட்டும் கேட்டது நிச்சயம். மீதியை எங்கே விட்டாள்? வீட்டை விட்டுக் கிளம்புகிற எவளும் போறேன் என்று சொல்லமாட்டாள், அது வாயில் வராது, பிறந்ததிலிருந்து பழகின நாக்கு. ஆனால் திரும்பி வராதவள் என்ன சொல்வாள்? திரும்பி வராதவளுக்கும் போயிட்டு வாரேன் என்றுதானே நாக்கு புரளும். அப்படியென்றால் எதைச் சொல்லியிருந்தாலும் ஒன்றுதான். அதை விட்டுவிட்டு அவளுடைய சீப்பைப் பார்த்தாள். ஜன்னல் விளிம்பில் நீலச் சீப்பு இருந்தது, பல்லில் நாலு முடி சுற்றியிருந்தது. ஓடிப்போகிறவள் சீப்பை எடுக்காமல் போவாளா? செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். அது தினமும்தான். மஞ்சள் பையைக் காணோம். அதில் சில நாள் வழியில் அகப்படுகிற கீரையைப் பறித்துக்கொண்டு வருவாள், சில நாள் பையை எடுக்காமலே போவாள். இன்றைக்கு எடுத்திருக்கிறாள். பை போயிருக்கிறது, சீப்பு இருக்கிறது. ஒரு பொம்பளை ஊரை விட்டுப் போகத் தீர்மானித்தால் சீப்பு எதுக்கு, எந்த ஊரில் சீப்பு கிடக்காது, செத்தவர்கள் வீட்டிலெல்லாம் சீப்பும் கண்ணாடியும் சாந்துப் பொட்டும் அப்படியப்படியே கிடக்கின்றன, உலகத்தில் மிச்சமிருக்கிற முடிக்கு அத்தனை சீப்பு வேண்டாம். அந்தச் சீப்பை நம்ப முடியாது.

நேற்று சாயங்காலம் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னதில் என்ன தப்பு? தப்பில்லை, ஆனால் சொல்லியிருக்க வேண்டாம். கொல்லைப்புறத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், உட்காரவைத்து, கழுவிவிட்டு, திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் போட்டாள். முப்பிடாதிக்கு நாற்பத்தைந்து வயசிருக்கும், மெலிந்த உடம்பு, ஆனால் தூக்கும்போது மூச்சு வாங்கமாட்டாள், தீப்பெட்டி ஆபீசில் இருபது வருஷம் கட்டை சுமந்த தோள். அந்தத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வருவது இருக்கிறதே, அந்த வேர்வை வாசனை. இந்த வாசனையைத்தானே அவுக சட்டையில் பார்த்தோம், துவைக்கப் போடும்போது மூக்கில் வைத்து வைத்துப் பார்த்தோமே, பத்து வருஷம், முதலில் யாருடையது என்று, பிறகு தெரிந்தே. இப்போது தினம் இரண்டு வேளை அதில் முகம் புதைத்துக்கொண்டு வரவேண்டும். அந்த ஆத்திரத்தில்தான் வந்தது: “அவுக ஒன்னைய எதுக்குச் சேத்துக்கிட்டாகன்னு இப்பத்தான் வெளங்குது. எனக்குப் பீ அள்ளுறதுக்குத்தான்.” முப்பிடாதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளங்கை அளவு தண்ணீரில் கையைக் கழுவினாள், எண்ணெயை எடுத்துவந்து உடைந்த காலுக்கு மேலேயும் கீழேயும் தடவினாள், தீக்குச்சி அடுக்குகிற கட்டைகளை வைத்துக் கட்டியிருந்த துணியை இறுக்கினாள், படுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் ராஜபுஷ்பம் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். நீ மட்டும் என்ன யோக்கியம் என்றோ, கெடந்து நாறு என்றோ. ஒன்றும் சொல்லாதவள் மனசுக்குள் என்ன முடிவெடுத்தாள் என்று யாருக்குத் தெரியும். இரண்டு மாசத்துக்கு முன்னால் நாற்கரச் சாலைப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது என்று சொன்னவள் அவள்தான். “ரெண்டு வண்டிக்கா, தூத்துக்குடிப் பக்கமாப் போச்சு. அங்கன ஆளுக இருக்காக போல.” அப்போது ராஜபுஷ்பம், “உனக்கு ஆம்பளை வாசம் பிடிச்சிருச்சாக்கும்” என்றாள். அதுவும் சொல்லியிருக்க வேண்டாம்.

பேசப் பேச நாக்கு உலர்ந்தது. பேசவில்லை, நினைத்ததுதான், ஆனால் நினைப்பதும் நாக்கை உலர்த்துகிறது. அண்டாவுக்குப் பக்கத்தில் பித்தளைப் பானை. அதில் ஒன்றரைச் செம்பு இருக்கிறது. காலையில் முப்பிடாதி அளந்து பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆமாம், அதைச் சொன்னாள், அது ஞாபகம் இருக்கிறது: “ஒண்ணர செம்பு கெடக்கு, ஒங்களுக்கு முக்காலு, எனக்கு முக்காலு. வந்து குடிச்சிக்கிடுதேன்.” வந்து குடித்துக்கொள்கிறேன் என்றால் வருவேன் என்றுதானே அர்த்தம். இல்லை, இது இன்றைக்குச் சொன்னதா, நேற்றுச் சொன்னதா? நேற்றும் ஒன்றரைச் செம்புதான் மிஞ்சியிருந்தது. பங்குனி பிறந்ததிலிருந்து தினமும் ஒன்றரைதான் மிஞ்சுகிறது. தெப்பக்குளம் மாசியிலேயே வற்றிப் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. தெருவில் இருக்கிற அடிபம்புகள் அடித்தால் காற்றைக் கக்குகின்றன. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் கிடக்கும்தான், மேலே கொண்டுவருகிற கரண்டு எந்தச் சாமியிடம் இருக்கிறது? இந்த ஊரில் தீப்பெட்டிக்கு மட்டும் பஞ்சம் கிடையாது. குடோன் குடோனாகத் தீப்பெட்டி. உலகத்தையே இன்னொரு தரம் கொளுத்தலாம். குடிக்கத்தான் சொட்டு இல்லை. வெயில் நாலாவது கட்டத்தின் ஓரத்தைத் தொட்டது. தெருவில் மயில் ஒன்று அகவியது. எதிர்வீட்டு மாடியில் குடியேறியிருக்கிற மயில், பிள்ளை அழுகிற மாதிரி கத்தும். முதல் வருஷம் அதைக் கேட்டு ராஜபுஷ்பம் எத்தனை தரம் தெருவுக்கு ஓடியிருக்கிறாள்.

அந்த முதல் நாற்பது நாள். ஐப்பசியில் காய்ச்சல் வந்து, கார்த்திகை பிறப்பதற்குள் ஊர் அடங்கிப்போனது. செத்தவர்கள் போக மிச்சம் பேர் லாரி பிடித்து வடக்கே போனார்கள். கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகளிடமிருந்து கடைசியாக வந்த போனில் இருமல் மட்டும் கேட்டது, பிறகு போனும் செத்தது. ராஜபுஷ்பம் போகவில்லை. அவுக வருவாக என்று இருந்தாள். அவுக வரமாட்டாக என்று தெரிந்த பிறகும், போகத் தோன்றாமல் இருந்தாள். நாற்பது நாள் ஒரு மனிதக் குரல் இல்லை. தன் குரலே மறந்துவிடுமோ என்று பயந்து ரேஷன் கார்டை எடுத்துச் சத்தமாக வாசித்தாள். குடும்பத் தலைவர் தங்கபெருமாள், மனைவி ராஜபுஷ்பம், மகள் அனுசுயா. நாற்பதாவது நாளோ நாற்பத்தோராவது நாளோ தெப்பத்தில் வாளி இடிக்கிற சத்தம் கேட்டது. காற்றில்லை, மயிலில்லை, வாளி. முழங்கால் வலியை மறந்து, முந்தானை புரள ஓடினாள். அன்றைக்கு ஓடின ஓட்டத்தில் அவள் வேண்டாத சாமி கிடையாது. யாராக இருந்தாலும் சரி, கள்ளனாக இருந்தாலும் சரி, பைத்தியமாக இருந்தாலும் சரி, ஒரு உசுரைக் காட்டு. படிக்கட்டில் குனிந்து நின்று மொண்டுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். முப்பிடாதி. பத்து வருஷமாகப் பஸ் ஸ்டாண்டில், மாரியம்மன் கொடையில், பாத்திரக் கடையில், எங்கே கண்டாலும் இவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு போன முகம். சாமிக்குத்தான் எத்தனை குசும்பு. இத்தனை லட்சம் பேரை வாரிக்கொண்டு போனது, மிச்சம் வைக்க இவள்தான் அகப்பட்டாள். இரண்டு பேரும் தண்ணீரின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் நின்றார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் ராஜபுஷ்பம் நினைத்தாள், சத்தியமாக. கால் நகரவில்லை. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்: “சாப்ட்டீகளாக்கா?” அக்கா! யாருக்கு யார் அக்கா? அந்த வார்த்தைக்குச் செருப்பைக் கழற்றியிருக்க வேண்டும். ராஜபுஷ்பம் அழுதுவிட்டாள். எதுக்கு அழுதோம் என்று இன்றுவரை தெரியவில்லை. கேட்டது அவளாக இருந்தாலும் சாப்பிட்டாயா என்று ஒரு மனுஷக் குரல் கேட்டதே, அதுக்காகவும் இருக்கலாம், கேட்டது அவள்தானே என்பதற்காகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு வீட்டுக்குக் கூட்டிவந்தாள். கூட்டிவந்தாள் என்று சொல்ல முடியாது, இவள் முன்னால் நடந்தாள், அவள் பின்னால் வந்தாள். முதல் வருஷம் முழுக்க அடுப்படியில்தான் படுக்கை. அவுக கட்டிலறைப் பக்கம் போகக்கூடாது, அவுக தட்டில் சாப்பிடக்கூடாது, அவுக பேச்சை எடுக்கக்கூடாது. முப்பிடாதி எல்லாவற்றுக்கும் சரி என்றாள். ஆனால் பேச்சை எடுத்தது ராஜபுஷ்பம்தான். எடுக்காமல் எப்படி இருக்க முடியும். இருவருக்கும் அவர் ‘அவுக’தான், பேரைச் சொல்கிற வழக்கம் இரண்டு பேருக்கும் இல்லை, அந்த ஒரு வார்த்தையை இருவரும் பங்கு போட்டுக்கொள்வது ராஜபுஷ்பத்துக்கு எரிச்சலாக இருந்தது, வேறு வார்த்தை தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. காய்ச்சல் வந்த வாரம் அவுக சிமெண்டுக் கடையை அடைத்துவிட்டுச் சாயங்காலம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போனார்கள், எங்கே என்று சொல்லாமல், சொல்லத் தேவையில்லாமல். அன்றைக்கு ராத்திரியே ரயில்வே கேட்டை மூடி போலீஸ் நின்றது. மறுநாள் போனில், “லேசாத்தான் மேலு சுடுது. கேட்டத் தொறந்ததும் வந்திருவேன்” என்றார்கள். நாலு நாள். நாலாவது நாள் அங்கேயே முடிந்தது. கடைசியில என்ன சொன்னாக? இதை ராஜபுஷ்பம் மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தரம்தான் கேட்டிருக்கிறாள், இருவரும் கம்பு புடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் முகத்தைப் பார்க்காமல். முப்பிடாதி புடைப்பதை நிறுத்தினாள், பிறகு புடைத்தாள். “ஒங்களத்தான்க்கா கேட்டாக.” அவ்வளவுதான். அது பொய் என்று அந்த நிமிஷமே தெரிந்தது. உண்மையாக இருந்தால் அத்தனை சீக்கிரம் வந்திருக்காது, அல்லது அத்தனை தாமதித்து வந்திருக்காது, இரண்டில் எதுவோ ஒன்று. தனக்குப் பிச்சை போடுகிறாள். ஆம்பளையைத்தான் எடுத்துக்கொண்டாள், இப்போது கடைசி வார்த்தையைக் கிள்ளிப் போடுகிறாள், வச்சுக்கோ என்று.

ஆனால் உண்மையாகவே இருந்தால்? அங்கேதான் ஒவ்வொரு தரமும் நினைப்பு போய் முட்டும், முட்டிவிட்டுத் திரும்பும். கேட்டில் போலீஸ் நின்றது முதல் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் அவர்களும் விழுந்துவிட்டார்கள், அல்லது ஓடிவிட்டார்கள், கேட்டு ஆவென்று திறந்து கிடந்தது. மாடியிலிருந்து பார்த்தாளே. அவள் வீட்டுக்கு ஒன்றரை மைல்கூட இல்லை. நடந்தால் அரை மணி நேரம். இரண்டு பாட்டில் தண்ணீரையும் மாத்திரையையும் பையில் எடுத்து வைத்தாள், சேலை மாற்றினாள், வாசல்வரை வந்தாள். அந்தத் தெருவில் போய், இன்னாருடைய வீடு எது என்று யாரிடமாவது கேட்டு, அந்த வாசலில் நின்று கதவைத் தட்டுவதா? அவள் வந்து திறப்பாள். உள்ளே வாங்கக்கா என்பாள். தன் புருஷனைப் பார்க்க அவள் இடம் கொடுக்க வேண்டும். ராஜபுஷ்பம் பையைக் கீழே வைத்தாள். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தாள். மறுநாளும் பையை எடுத்தாள், வைத்தாள். இதை முப்பிடாதியிடம் சொன்னதில்லை, கேட்டு மூடியிருந்தது என்றுதான் இருவருக்கும் நடுவில் பேச்சு. அவள் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவள். கேட்டு எப்போது திறந்தது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொல்லாமல் இருக்கிறாள். ஒங்களத்தான் கேட்டாக என்று சொல்லிவிட்டு, கேட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்கிறாளே, அதைவிட ஒரு கத்தி உண்டா?

அஞ்சாவது கட்டம். தொண்டையில் எச்சில் இறங்கவில்லை. ராஜபுஷ்பம் கையை ஊன்றி, நல்ல காலால் உந்தி, பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பானையிடம் போனாள். உடைந்த கால் பின்னாலேயே சவம் மாதிரி இழுபட்டு வந்தது, கட்டைகள் தரையில் கிறீச்சிட்டன. தன் முக்கால் செம்பை அளந்து எடுத்தாள், ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்று. ஒரு வாய் இரண்டு வாயானது. முக்கால் செம்பு காலி. குடித்த பிறகுதான் தாகம் என்றால் என்னவென்று தெரிந்தது. அங்கேயே பானை ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பஜார்ப் பக்கம் நாய்கள் குரைத்தன. எட்டு நாய், பத்து நாய், முன்பு டீக்கடை வாசலில் வர்க்கி தின்றவை, இப்போது ஆட்டை வளைத்து அடிக்கின்றன. அவளை வளைத்திருந்தால்? கல்லெறியத் தெரிந்தவள், குரல் கொடுத்தால் ஊரே அதிரும், நாய் அவளிடம் வராது. அவள் செத்திருந்தால் ராஜபுஷ்பத்துக்கு நாலு நாள், அஞ்சு நாள். அவள் போயிருந்தாலும் அதே நாலு நாள், அஞ்சு நாள்தான். செத்தாளா போனாளா என்பதில் இவள் சாவுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, ஆனால் மனசு அந்த இரண்டையும் தராசில் வைத்து வைத்துப் பார்த்தது, எது மேல் என்று. செத்திருக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். விட்டுவிட்டுப் போனவளாக இருப்பதைவிட நாய்க்கு இரையானவளாக இருக்கட்டும். தூ, என்ன மனசு இது. இல்லை, போயிருக்கிறாள். மஞ்சள் பையோடு நாற்கரச் சாலையில் தெற்கே நடக்கிறாள், சுமையில்லாமல், மூத்திரத் துணியில்லாமல், அக்கா இல்லாமல். யார்தான் போகமாட்டார்கள்? தான் அந்த இடத்தில் இருந்தால், அவள் காலொடிந்து கிடந்தால், பதினோரு நாள் பார்த்திருப்போமா? மூன்று நாள் பார்த்திருப்போம். மூன்றாம் நாள் பையை எடுத்திருப்போம், கீழே வைத்திருக்கமாட்டோம்.

அப்படியென்றால் போனவளுக்கு எதுக்குப் பங்கு? இந்தக் கேள்வி மெதுவாகத்தான் வந்தது. பானைக்குள் மீதி முக்கால் செம்பு அடியில் வட்டமாக மினுங்கியது, அதில் இவள் முகம் கறுப்பாகத் தெரிந்தது. ஒரு வாய் எடுத்தால் தெரியாது. அளக்கிறவள் அவள், ஆனால் வந்தால்தானே அளப்பாள். ஒரு வாய் எடுத்தாள். அது இனித்தது. மறுபடி ஒரு வாய். இதற்குள் வெயில் ஆறாவது கட்டத்துக்கு வந்து கட்டின காலின் பெருவிரலைத் தொட்டது. பாதிச் செம்பு. கால் செம்பு. குடிக்கக் குடிக்க அவள் வரமாட்டாள் என்பது இன்னும் இன்னும் நிச்சயமானது. கடைசிக் கால் செம்பைக் குடித்திருந்தால்கூட ஒரு நியாயம் இருக்கும். குடிக்கவில்லை. பானையைச் சரித்து உள்ளங்கையில் வாங்கி முகத்தில் அறைந்துகொண்டாள். மீண்டும் வாங்கிப் பிடரியில் வழித்தாள், நெஞ்சுக்குழியில் விட்டாள். பதினோரு நாள் அழுக்கு. தண்ணீர் முதுகில் இறங்கும்போது உடம்பு சிலிர்த்து, வாய்விட்டு ஒரு சத்தம் வந்தது, சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. சாகும்போது மூஞ்சியாவது சுத்தமாக இருக்கட்டும் என்றாள் பானையிடம். பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

செருப்புச் சத்தம் கேட்டபோது முகத்தில் ஈரம் காயவில்லை. ஒரு செருப்புத்தான் தேய்ந்தது, மற்றக் கால் வெறுங்கால். முப்பிடாதி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் குடமில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் வழண்டு கருஞ்சிவப்பாகப் புழுதி அப்பியிருந்தது, உதடு வெடித்து வெளுத்துப் போயிருந்தது. பையைக் கீழே போட்டாள். அதிலிருந்து துருப்பிடித்த வேலிக் கம்பித் துண்டுகள் சிதறின.

“கயிறு அந்துருச்சுக்கா. கொடத்தோட உள்ள போயிருச்சு.” குரல் கரகரத்து வந்தது. “முள்ளுக் கம்ப விட்டுத் தொரட்டிப் பாத்தேன். வேலிக் கம்பிய முறுக்கி விட்டுப் பாத்தேன், எட்டல. எறங்குனேன், பாதியில சரிஞ்சு, வேரப் பிடிச்சு மேல ஏறிட்டேன். தண்ணி கண்ணு முன்னாலயே கெடக்கு.” நிலையோடு சறுக்கி உட்கார்ந்தாள். “அந்த முக்காச் செம்ப எடுங்கக்கா. நாக்கு உள்ள போவுது.”

ராஜபுஷ்பம் வாயைத் திறந்தாள். சிந்திவிட்டது என்று சொல்லலாம். கால் தட்டிப் பானை உருண்டது என்று சொல்லலாம், நம்புவாள், நம்பாவிட்டாலும் நம்பின மாதிரி இருப்பாள், அவளுக்கு அது கைவந்த கலை. முப்பிடாதி கண் பானையைப் பார்த்தது, கவிழ்ந்திருந்தது. பிறகு ராஜபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்தது, நெற்றியில் ஒட்டிக்கிடந்த ஈரமுடியை, நனைந்த ரவிக்கைக் கழுத்தை.

“குடிச்சிட்டேன்” என்றாள் ராஜபுஷ்பம். “நீ போயிட்டன்னு நெனச்சேன். குடிச்சிட்டேன். மிச்சத்துல மூஞ்சி கழுவிட்டேன்.”

அவள் ஏசுவாள் என்று காத்திருந்தாள். ஏசட்டும். எழுந்து வந்து மயிரைப் பிடித்து இழுத்து அடிக்கட்டும், அடித்தால் எத்தனை நல்லது. முப்பிடாதி வெறுங்காலைத் தூக்கி மடியில் வைத்து, உள்ளங்காலில் தைத்திருந்த முள்ளை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தாள். முள் வந்தது. அதைத் தூரப் போட்டாள்.

“அவுக கடைசியில என்ன சொன்னாகன்னு ஒரு நா கேட்டீகள்ல” என்றாள், காலைப் பார்த்துக்கொண்டே. “ஒங்களக் கேட்டாகன்னு சொன்னேன். கேக்கல.”

ராஜபுஷ்பம் கவிழ்ந்த பானையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னையும் கேக்கல. தண்ணி கேட்டாக. கொழா நின்னு ரெண்டு நாளு. எனக்கும் காச்ச. செம்புல ரெண்டு மொடக்கு கெடந்துச்சு, அவுகளுக்குன்னு வச்சிருந்தேன். அவுக கண்ணசந்த நேரம் நான் குடிச்சிட்டேன். முழிச்சிட்டுத் தண்ணி, தண்ணின்னாக. காலிச் செம்ப வாயில வச்சேன்க்கா. ஒதட்ட ஒட்டி ஒட்டி உறிஞ்சிப் பாத்தாக. அதோட முடிஞ்சிருச்சு.”

வெளியே மயில் கத்தியது, நிறுத்தியது. இது நிஜமா? கம்பு புடைக்கும்போது சொன்ன மாதிரி இதுவும் ஒரு பிச்சையா, நீ மட்டும் இல்லை நானும்தான் என்று எனக்குத் துணைக்குப் போட்ட பொய்யா? முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை, வெயிலும் புழுதியும்தான் இருந்தன. மூன்று வருஷம் கடைசி வார்த்தையில் தன் பேர் இருந்ததா, அவள் பேர் இருந்ததா என்று பிடுங்கிக்கொண்டிருந்தோமே. இரண்டு பேரும் இல்லையாம். கேட்டு திறந்து கிடந்த அந்த நாளில் இவள் கட்டின பை வாசலில் வைத்தபடி இருந்தது, அதில் இரண்டு பாட்டில் தண்ணீர் இருந்தது, அரை மணி நேர நடை. சொல்லிவிடலாமா? கேட்டு மூணாம் நாளே தெறந்துதான் கெடந்துச்சுட்டி, நான்தான் வரலை. நாக்கு நுனிவரை வந்தது. அவள் வாயைத் திறந்ததுபோல் தன் வாயையும் திறந்தால் கணக்கு சரியாகிவிடும். திறக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் அவள் முன்னால் ஒரு படி மேலே நிற்க ஆசை, தரையில் தேய்த்துக்கொண்டு கிடக்கிற இந்த நேரத்திலும்.

முப்பிடாதி நிலையைப் பிடித்து எழுந்தாள். “இருட்டுறதுக்குள்ள போய்ட்டு வந்துரணும். வேற கயிறு வேணும். பஜாருல கெடக்கும், நாய்க இருக்கு.”

“பீரோவுல சேல இருக்கு” என்றாள் ராஜபுஷ்பம்.

“எந்த பீரோ?”

“அவுக ரூம்பு பீரோ. சாவி அதுலயே தொங்குது.”

மூன்று வருஷத்தில் முதல் தரமாக முப்பிடாதி அந்த அறைக்குள் போனாள். போகிறவள் வாசலில் ஒரு நொடி நின்றது தெரிந்தது. பிறகு பீரோ திறக்கிற சத்தம். தோளில் அடுக்கிக்கொண்டு வந்து பொத்தென்று போட்டாள், ஆறோ ஏழோ. நூல் சேலைகள் மக்கியிருந்தன, இழுத்துப் பார்த்தபோது சரக்கென்று கிழிந்தன. பட்டு மட்டும் தாங்கியது. அரக்குக் கலரில் ராஜபுஷ்பத்தின் கல்யாணக் கூரைப்பட்டு, அனுசுயா கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர், இன்னொரு பச்சை. முப்பிடாதி அரக்கைக் கையில் வைத்துக்கொண்டு இவளைப் பார்த்தாள்.

“என்ன பாக்க? முறுக்கு.”

“ஒரு தலப்ப நீங்க பிடிக்கணும்.”

ராஜபுஷ்பம் தலைப்பை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்துச் சுவரில் முதுகைக் கொடுத்தாள். கூடத்தின் மறுகோடியில் முப்பிடாதி வழண்ட கையோடு முறுக்க ஆரம்பித்தாள். வெயில் நடுவில் குறுக்கே கிடந்தது, சரிகை அதில் பளபளத்துப் பளபளத்து உள்ளே சுருண்டு மறைந்தது. மூன்று சேலையையும் முடிச்சுப் போட்டுச் சேர்த்தால் குழிக்கு எட்டும், பித்தளைப் பானையைத்தான் கட்டி இறக்க வேண்டும். முறுக்கு ஏற ஏற ராஜபுஷ்பத்தின் உள்ளங்கை எரிந்தது. அவள் முறுக்குவது ஒவ்வொன்றும் இந்த நுனிவரை வந்து எலும்பில் தெரிந்தது. கேட்கக்கூடாது என்று நினைத்தாள். கேட்டாள்.

“ஏட்டி. அதுக்கப்பெறவு ஒனக்குத் தண்ணி எப்பிடிக் கெடச்சிச்சு?”

முப்பிடாதியின் கை ஒரு சுற்றைத் தவறவிட்டு மறுபடி பிடித்தது.

“மறுநா விடிய மழ பேஞ்சிச்சுக்கா” என்றாள். “முத்தமெல்லாந் தண்ணி. அவுக கெடந்த பாயி மெதந்துச்சு.”

ராஜபுஷ்பத்தின் பிடி தளர்ந்தது. சேலை நடுவில் வளைந்து தரையைத் தொட்டது.

“இழுத்துப் பிடிங்க” என்றாள் முப்பிடாதி. “தொய்யுது.”